வெறித்துப் பார்க்காத ஊர்: தீக்காயமுற்ற குழந்தைகள், விளையாட்டு, முகாம் – ஒரு வரலாற்றுக் குறிப்பு

தீக்காய மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் உயிர் பிழைத்தலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதற்குக் காரணம் உண்டு. 1949-இல் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்த புல், ஸ்கொயர் ஆகிய இருவரும், உடற்பரப்பில் ஏறத்தாழப் பாதி வெந்துபோன குழந்தைகளில் பாதிப்பேர் இறந்துவிடுவதாகக் கண்டனர். இருபது ஆண்டுகளுக்குள் இந்நிலை மாறத் தொடங்கியது. வெந்த தோலை அது தானே உரிந்து விழும்வரை காத்திராமல், சில நாள்களுக்குள் மெல்லிய அடுக்குகளாகச் சீவி நீக்கி, உடனே வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் முறையை, அன்றைய யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய சோரா யான்ஷெகோவிச் 1970-இல் விரிவாக வெளியிட்டார். நீரிழப்பை ஈடுசெய்யும் கணக்குமுறைகளும், வெள்ளி கலந்த களிம்பும், 1981-இல் பர்க், யானாஸ் ஆகியோர் அறிவித்த செயற்கைத் தோலும் அதே காலப்பகுதியைச் சேர்ந்தவை. முன்னொரு காலத்தில் இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் வீடு திரும்பினர்.

இந்த வெற்றிக்குள்ளிருந்தே ஒரு புதிய கேள்வி பிறந்தது. திரும்பிய குழந்தை எங்கே போவது? வீட்டிற்குப் போகலாம். தெருவிற்கும் வகுப்பறைக்கும் எப்படிப் போவது? அறுவைக் கத்தியால் விடை தர இயலாத அக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு தனியானது. அதில் மருத்துவர்களைவிடச் செவிலியரும், ஆசிரியரும், தீயணைப்பு வீரரும், தழும்போடு வாழ்ந்த பெரியவர்களும் மிகுதியாக இடம்பெறுகின்றனர். அந்த வரலாற்றில் ஒரு பாடம் தொடக்கத்திலேயே கற்கப்பட்டது. பின்னர் பாதி மறக்கவும்பட்டது.

தொடக்கம் குழந்தைகளிடத்தில் இல்லை, போர்வீரர்களிடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் போர் விமானங்களில், குறிப்பாக ஹரிக்கேன் வகையில், எரிபொருள் தொட்டி விமானிக்கு மிக அருகில் அமைந்திருந்தது. குண்டு பட்டால் தீ நேராக முகத்தையும் கைகளையும் தாக்கும். அவ்வாறு வெந்தவர்கள் இங்கிலாந்தின் தெற்கே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரிலிருந்த விக்டோரியா அரசி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே பொறுப்பிலிருந்தவர் நியூசிலாந்தில் பிறந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. கடலில் விழுந்த விமானிகளின் புண்கள் தரையில் விழுந்தவர்களின் புண்களைவிட நன்றாக ஆறுவதைக் கவனித்து, உப்புநீர்க் குளியலைச் சிகிச்சையாக்கியவர் அவர்.

அவருடைய வேறு சில முடிவுகள் மருத்துவ ஏடுகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. நோயாளிகள் அணியவேண்டிய நீலநிற மருத்துவமனை உடையை அவர் விலக்கினார். தத்தம் சீருடையையோ சொந்த உடையையோ அணியச் செய்தார். வார்டுக்குள் பீர்ப் பீப்பாய் வைக்க இசைந்தார். பதவி வேறுபாடின்றி அனைவரையும் ஒரே கூடத்தில் படுக்க வைத்தார். அனைத்திலும் முக்கியமானது, அவர் ஊரோடு பேசியது. இவ்விளைஞர்கள் உங்கள் தெருக்களில் நடப்பார்கள், கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் வருவார்கள், வீட்டிற்கு அழையுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று ஊர்மக்களிடம் கேட்டுக்கொண்டார். ஊரும் இசைந்தது. ‘வெறித்துப் பார்க்காத ஊர்’ என்னும் பெயர் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு அப்படித்தான் வந்தது.

1941 ஜூலையில் அந்நோயாளிகள் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். பெயர் ‘கினிப் பன்றிகள் சங்கம்’. புதிய அறுவை முறைகள் தங்கள் உடலில் சோதித்துப் பார்க்கப்படுகின்றன என்பதை ஆய்வகப் பிராணியின் பெயரால் அவர்களே கேலி செய்துகொண்டனர். கால்கள் வெந்தவரைப் பொருளாளராக்கினார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாதாம். விரல்கள் வெந்தவரைச் செயலாளராக்கினார்கள். கூட்டக் குறிப்பு எழுத முடியாதாம். போரின் முடிவில் அச்சங்கத்தில் 649 பேர் இருந்தனர். பிறர் வைக்கக்கூடிய பெயரை முந்திக்கொண்டு தாமே வைத்துக்கொள்வதும், பிறர் சிரிப்பதற்குமுன் தாமே சிரித்துக்கொள்வதும் சமூக மொழியியலில் நன்கு அறியப்பட்ட செயல்கள். இழிவுச் சொல் உரியவரின் வாய்க்கு மாறும்போது அதன் வலிமை இடம் மாறுகிறது.

ஆக, 1941-ஆம் ஆண்டிலேயே இரண்டு கூறுகள் கண்டறியப்பட்டுவிட்டன. ஒன்று, தம்மைப் போன்றவர்களோடு கூடியிருத்தல். மற்றொன்று, ஊரைப் பழக்குதல். ஒரு வரம்பையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவ்வீரர்களின் தழும்புக்குப் பின்னால் நாட்டின் நன்றியுணர்வு நின்றது. அடுப்படியில் வெந்நீர் கொட்டி வெந்துபோன மூன்று வயதுக் குழந்தையின் தழும்புக்குப் பின்னால் அத்தகைய புகழ் எதுவும் நிற்பதில்லை. அங்கே நிற்பது தாயின் குற்றவுணர்வும், அண்டை வீட்டாரின் ஐயமும் மட்டுமே.

குழந்தைகளுக்கு இப்பாடம் சென்று சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. காலந்தாழ்ந்ததன் முதற்காரணம் மருத்துவமனையின் கதவு. 1950களின் தொடக்கத்தில் பிரித்தானியக் குழந்தை வார்டுகள் பலவற்றில் பெற்றோர் வருகை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது; பெற்றோரைக் கண்டால் குழந்தை அழும், அழுதால் ஒழுங்கு கெடும் என்பது வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் ஒரு படத்தை வெளியிட்டார். இரண்டு வயதுப் பெண்குழந்தை எட்டு நாள்கள் மருத்துவமனையில் தனித்திருப்பதைக் காட்டுவது அது. அமைதியாக இருக்கும் குழந்தை தேறிவிட்ட குழந்தை அன்று, நம்பிக்கையைக் கைவிட்ட குழந்தை என்பதை அப்படம் எடுத்துக்காட்டியது. 1959-இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் வருகைக்குத் தடையிருக்கக் கூடாது என்றும், மருத்துவமனையில் விளையாட்டிற்கும் கல்விக்கும் இடம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அமெரிக்காவில், மாண்டிசோரி முறையில் பயின்று வியன்னாவிலிருந்து புலம்பெயர்ந்த எம்மா பிளாங்க், 1955-இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் விளையாட்டையும் கல்வியையும் சிகிச்சையின் பகுதியாக்கும் பிரிவொன்றைத் தொடங்கினார்.

தீக்காய வார்டில் கதவு திறப்பது இன்னும் கடினமாயிருந்தது. அங்கே தொற்று என்னும் நியாயமான அச்சம் இருந்தது. அமெரிக்காவின் ஷ்ரைனர்ஸ் அமைப்பு குழந்தைகளுக்கென்றே தீக்காய மருத்துவமனைகளை 1960களில் கால்வெஸ்டன், சின்சினாட்டி, பாஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் நிறுவியது. அவற்றுள் பாஸ்டனில், கிருமி புகாத காற்றோட்டமுடைய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் திரைகளுக்குள் குழந்தைகள் வைக்கப்பட்டனர். உயிரைக் காத்த திரை அது. அதே திரை, வலியும் அச்சமும் மிகுந்த வாரங்களில் குழந்தைக்கும் தாயின் வெறுங்கைக்கும் இடையே நின்றது.

இத்தகைய சூழலில் விளையாட்டு வெறும் பொழுதுபோக்காக நுழையவில்லை. உடற்கூறு சார்ந்த தேவையாகவே நுழைந்தது. ஆழமாக வெந்து ஆறிய தோல் சுருங்கும். கழுத்து, அக்குள், முழங்கை, விரல்கள் ஆகிய மடிப்புகளில் அச்சுருக்கம் மூட்டையே இழுத்துப் பிடித்துவிடும். அதைத் தடுக்க நாள்தோறும் நீட்டவும் மடக்கவும் வேண்டும். ‘கையைத் தூக்கு’ என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தை தூக்காது, வலிக்கும். பந்தை மேலே எறிந்தால் தூக்கும். சோப்புக் குமிழி ஊதினால் வாயோரம் விரியும். பல்லாங்குழியில் சோழியை விரல்நுனியால் எடுத்துக் குழிதோறும் இடும் குழந்தை, சிகிச்சையாளர் எண்ணிச் சொல்லும் பயிற்சியைவிட மிகுதியான முறை விரலை மடக்கிவிடக்கூடும். விளையாட்டில் குழந்தையின் கவனம் உடலை விட்டு விலகி ஆட்டத்தின்மேல் செல்கிறது. அந்த விலகலில்தான் மருந்தின் ஒரு பகுதி இருக்கிறது.

இவ்வுண்மையைப் பின்னர் வேறொரு வழியிலும் சோதித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் 1990களின் பிற்பகுதியில், புண்ணைச் சுத்தம்செய்து கட்டுமாற்றும் நேரத்தில் இளம்பருவத்தினரைக் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகில் ஈடுபடுத்தினர். 2000-இல் வெளிவந்த அவர்களது முதல் அறிக்கை இரண்டே நோயாளிகளைப் பற்றியது. இருவருக்கும் அவ்வேளையில் வலி குறைந்ததாகத் தெரிந்தது. பின்னர் தீக்காயத்திற்கென்றே உருவாக்கப்பட்ட விளையாட்டில், குழந்தை பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து சென்று பனியுருண்டைகளை எறியும். தீயால் வெந்த உடலுக்குப் பனியுலகைத் தேர்ந்ததில் ஒரு கற்பனை நயமும் இருக்கிறது.

வார்டுக்குள் விளையாட்டு இடம்பெற்றுவிட்டது. வாசலுக்கு வெளியே? 1970களின் தொடக்கத்தில் கால்வெஸ்டனில், தழும்பு தடித்து எழாமலிருக்க இறுக்கமான அழுத்த ஆடை அணிவிக்கும் முறை உருவானது. குளிக்கும் நேரம் தவிர நாளெல்லாம், ஓராண்டோ அதற்கு மேலோ அணியவேண்டும். முகம் வெந்திருந்தால் முகமூடியும் உண்டு. தழும்பைக் குறைக்கும் அதே ஆடை, தழும்பை ஊரறியச் செய்வதும் ஆயிற்று. தழும்பு குழந்தையோடு சேர்ந்து வளர்வதுமில்லை. எலும்பு வளர, தோல் வளராது நிற்க, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அறுவை தேவைப்படும். பள்ளி கெடக்கூடாதென்று அது பெரும்பாலும் கோடை விடுமுறையில் வைக்கப்படும். பிற குழந்தைகளுக்குத் தாத்தா வீடும் மாந்தோப்புமான விடுமுறை, இக்குழந்தைக்கு மருத்துவமனைக் கட்டிலாகும்.

அக்காலத்தில் சமூகவியலாளரும் உளவியலாளரும் ‘பார்வை’ என்பதை ஆராயத் தொடங்கியிருந்தனர். எர்விங் கோஃப்மன் 1963-இல் களங்கம் குறித்த நூலை எழுதினார். பொது இடத்தில் அந்நியர் ஒருவரையொருவர் கண்டும் காணாததுபோல் விலகிச் செல்லும் நாகரிகத்தையும் அவர் விளக்கியிருந்தார். முகச்சிதைவு பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பிரான்சிஸ் மெக்ரிகர், தழும்புடையோர் இழப்பது அந்த நாகரிகத்தின் பாதுகாப்பையே என்றார். கூட்டத்தில் கரைந்துபோகும் உரிமை அவர்களுக்கு இல்லை. 1982-இல் நிக்கோலா ரம்சியும் உடன் ஆய்வாளரும் தெருவிலேயே ஒரு சோதனை நடத்தினர். முகத்தில் குறியுள்ளவர் அருகே நிற்க நேர்ந்தால் மக்கள் சற்றுத் தள்ளி நிற்கின்றனர். குறியில்லாத பக்கமாக நிற்க முனைகின்றனர். யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சில அங்குல இடைவெளியை நாள்தோறும் நூறு முறை காணும் குழந்தைக்கு, தன்னைப் பற்றிய பாடம் அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

முகாம் என்னும் எண்ணம் இவ்விடத்தில்தான் பிறக்கிறது. 1963-இல் நிகழ்ந்த விமான விபத்தில் கடுமையாக வெந்து பிழைத்த ஆலன் பிரெஸ்லோ, 1977-இல் ஃபீனிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். தழும்போடு வாழும் ஒருவர், கட்டிலில் கிடக்கும் ஒருவரை நேரில் சென்று காண்பதே அதன் அடிப்படைச் செயல். 1983-இல் டென்வர் குழந்தைகள் மருத்துவமனை, கொலராடோ மலைப்பகுதியில் எஸ்டெஸ் பார்க் அருகே நெடுங்காலமாக நடந்துவந்த செலி கோடை முகாமில், தீக்காயமுற்ற குழந்தைகளுக்கெனத் தனி முகாமை நடத்தத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும், கனடாவிலும், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இத்தகைய முகாம்கள் தோன்றின.

முகாமில் நிகழ்வன வெளிப்பார்வைக்கு எளியவை: குதிரையேற்றம், மலையேற்றம், நீச்சல், நாடகம், இரவுப் பாட்டு. மற்றக் கோடை முகாம்களிலும் இவையே உண்டு. வேறுபாடு சூழ்நிலையில் இருக்கிறது. ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாமையால் உடல் விரைவில் சூடேறும். எனவே நிழலும் நீரும் ஓய்வும் கணக்கிட்டு வைக்கப்படும். இரவில் தழும்பு அரிக்கும். களிம்பு தடவச் செவிலியர் விழித்திருப்பர். நீச்சற்குளத்தின் ஓரத்தில் நிற்கும் சிறுமி நீண்ட கைச்சட்டையைக் கழற்றத் தயங்குவாள். அவளுக்கு முன்பே சட்டையைக் கழற்றிக் குதித்துவிட்ட இருபது பேரின் முதுகிலும் தழும்பு இருக்கும். அறிவுரை எதுவும் தேவைப்படாது. கேள்வி கேட்பார் இல்லாத இடத்தில் விடையைச் சுமந்து திரியவேண்டியதில்லை.

தீயணைப்பு வீரர்கள் இம்முகாம்களில் தன்னார்வத்தோடு பெருமளவில் பங்கேற்பதும் கவனிக்கத்தக்கது. புகைக்கு நடுவே முகமூடியோடு வந்த அச்சமூட்டும் உருவம், இங்கே பந்து எறிந்து விளையாடும் மாமாவாக மாறுகிறது. முன்பு முகாமுக்குக் குழந்தையாக வந்தவர் பின்னர் வழிகாட்டியாகத் திரும்பி வருவது மற்றொரு மரபு. வேலைக்குச் செல்லும், வண்டி ஓட்டும், மணமுடித்த, தழும்புள்ள இளைஞர் ஒருவரைப் பத்து வயதுக் குழந்தை முதன்முறையாகக் காண்பது பெரும்பாலும் அங்கேதான். எதிர்காலம் என்னும் அருவமான சொல்லுக்கு அப்போது ஓர் உருவம் கிடைக்கிறது.

இதனால் உண்மையில் பயன் உண்டா? ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை. முகாமுக்கு முன்னும் பின்னும் தன்மதிப்பை அளந்த ஆய்வுகள் 1990களிலிருந்து வெளிவருகின்றன. குழந்தைகளும் பெற்றோரும் முகாமை மிக உயர்வாகச் சொல்கின்றனர். ஆனால் வினாப்பட்டியல் வழி அளந்தால், சில ஆய்வுகளில் மதிப்பெண் உயர்கிறது. சிலவற்றில் வேறுபாடு தென்படுவதில்லை. உயர்ந்ததும் நெடுநாள் நிலைப்பதாக உறுதிப்படவில்லை. இம்முரணை இருவகையாக விளக்கலாம். முகாம் ஓர் இனிய வாரம் மட்டுமே என்பது ஒன்று. அளவுகோல் தவறான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பது மற்றொன்று.

இரண்டாவது விளக்கத்திற்கே வரலாறு வலுவூட்டுகிறது. தன்மதிப்பு அளவுகோல்கள் நம்பிக்கையைக் குழந்தையின் உள்ளே இருக்கும் ஒரு பொருளாகக் கருதுகின்றன. ஒருவாரம் அதனுள் எதையோ ஊற்றி, பின்னர் எவ்வளவு தங்கியது என்று அளக்கின்றன. ஆனால் குழந்தை திரும்பிச் செல்வது அதே பேருந்துக்கு, அதே வகுப்பறைக்கு. அங்கே பார்வை மாறவில்லை. ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டின் இரு கூறுகளில் முதலாவதைத்தான் முகாம் எடுத்துக்கொண்டது. ஊரைப் பழக்குதல் என்னும் இரண்டாவது கூறு வழியில் விடுபட்டுவிட்டது. முகாமே ஒருவாரத்திற்கு மட்டும் அமைக்கப்பட்ட ஒரு ‘வெறித்துப் பார்க்காத ஊர்’. வாரம் முடிந்ததும் அவ்வூர் கலைந்துவிடுகிறது.

2000-இல் ராபர்ட் ஷெரிடன் தலைமையிலான பாஸ்டன் குழு வெளியிட்ட ஆய்வு இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. உடற்பரப்பில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ வெந்து குழந்தைப் பருவத்தில் பிழைத்தவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் அக்குழு தேடிக் கண்டது. அவர்களில் பலரின் வாழ்க்கைத் தரம் பொதுமக்களின் தரத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. நன்றாகத் தேறியவர்களிடம் காணப்பட்ட கூறுகள் மூன்று: துணைநிற்கும் குடும்பம், தொடர்ச்சியான பின்கவனிப்பு, பழைய செயல்களுக்கு விரைவில் திரும்புதல். மூன்றும் குழந்தையின் தோலுக்கு வெளியே இருப்பவை.

ஊரைப் பழக்கும் பணியைப் பள்ளியில் தொடர்ந்தவர்களும் இருந்தனர். ‘பள்ளி மீள்வுத் திட்டம்’ எனப்படும் முறையில், குழந்தை வகுப்புக்குத் திரும்புமுன்பே மருத்துவமனையிலிருந்து ஒருவர் அங்கே செல்வார். என்ன நடந்தது, அழுத்த ஆடை எதற்கு, தழும்பு தொற்றாது, தொட்டால் ஒன்றும் ஆகாது என்பவற்றை உடன்படிக்கும் குழந்தைகளிடம் எளிய சொற்களில் விளக்குவார். ஆடையைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார். ஆவல் தணிந்த வகுப்பில் குழந்தை நுழையும்போது, அவள் காட்சிப்பொருளாக இருப்பதில்லை.

மற்றொரு முயற்சி மொழி சார்ந்தது. தாமே தீக்காயமுற்ற ஆசிரியையான பார்பரா கேமரர் குவேல், பொது இடத்தில் நிற்பதற்கான பயிற்சியை உருவாக்கினார். தனக்குள் சொல்லிக்கொள்ளும் சொல், குரலின் தொனி, கண்ணோடு கண் நோக்கல், நிமிர்ந்த நிலை, புன்னகை ஆகிய ஐந்தையும் ஒத்திகை பார்க்கச் செய்வது அது. பிறர் கேட்கும் கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியங்களில் விடைசொல்லி முடிப்பதையும் முன்கூட்டியே பழக்குவர். பிரித்தானியாவில், பதினெட்டு வயதில் வாகனத் தீயில் முகம் வெந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992-இல் ‘மாறும் முகங்கள்’ என்னும் பொருள்படும் பெயரில் தொடங்கிய அமைப்பும், உரையாடல் திறனையும் சமூகத்தின் மனநிலையையும் ஒருசேரக் கவனித்தது. உரையாடலில் கேள்வியும் விடையும் இணைகளாகவே வருகின்றன. கேள்வி எழுந்தபின் விடை வராத மௌனம் தானே ஒரு பொருளைத் தரும். தழும்பு குறித்த கேள்விக்குக் குழந்தை தலைகுனிந்தால், அம்மௌனம் வெட்கமாகப் படிக்கப்படுகிறது. ஆயத்தமான விடை அந்த இணையை மூடி, பேச்சின் திசையைக் குழந்தையிடமே ஒப்படைக்கிறது.

இந்தியச் சூழலில் இவ்வரலாறு எவ்வாறு பொருந்தும்? ஆண்டுதோறும் இந்தியாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மிதமாகவோ கடுமையாகவோ தீக்காயமுறுவதாக உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. மண்ணெண்ணெய் அடுப்பு, தரையில் வைத்துச் சமைக்கும் வழக்கம், குளியலுக்கு வைத்த வெந்நீர், பட்டாசு எனக் காரணங்கள் எல்லோரும் அறிந்தவையே. தீக்காயத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் ஒரு தேசியத் திட்டம் உண்டு; மறுவாழ்வும் அதன் நோக்கங்களில் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோரைத் தனியாகப் பெயர்சுட்டிச் சேர்த்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் வெந்நீராலோ அடுப்பாலோ முகம் சிதைந்த குழந்தை அதில் அத்தகைய பெயரோடு இடம்பெறவில்லை. கை கால் இயக்கம் குறைந்தால் இயக்கக் குறைபாட்டின்கீழ் வரலாம். விரல் மடங்குகிறது, முகம் மட்டும் மாறியிருக்கிறது என்றால், இழப்பைச் சொல்லச் சட்டத்தில் சொல் கிடைப்பது அரிது.

சொல்லின் இன்மை பேச்சிலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘பலியானவர்’ என்னும் பொருளுடைய சொல்லை விலக்கி, ‘பிழைத்து வாழ்பவர்’ என்னும் பொருளுடைய சொல்லை நிலைநாட்ட ஃபீனிக்ஸ் போன்ற சங்கங்கள் உழைத்தன. இந்தி நாளேடுகளில் ‘பீடித்’ என்பதே வழக்கு. தமிழில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்கிறோம். செயப்பாட்டு வினையின் வடிவிலேயே அந்த மனிதர் செயலற்றவராகிவிடுகிறார். மாற்றாக ‘பிழைத்தவர்’ என்றால், ‘பிழை’ என்னும் அச்சொல்லே குற்றத்தையும் குறிக்கிறது. ‘தப்பியவர்’ என்றால், ‘தப்பு’ என்பதும் அவ்வாறே. சொல்லின் இரட்டைப் பொருளிலிருந்து ஒரு சமூகத்தின் உள்ளத்தைப் படித்துவிடலாம் என்பது மிகைப்படுத்தல். ஆயினும் ‘தீயிலிருந்து மீண்டவர்’ என்னும் தொடர் குற்றச்சாயலற்றது, செய்வினையாகவும் இருக்கிறது. மருத்துவப் படிவங்களிலும் செய்தித்தாள்களிலும் அது வழக்குப்பெறத் தடையேதும் இல்லை. வள்ளுவர் தீயால் வருவதைப் புண் என்றும் நாவால் வருவதை வடு என்றும் சொல்தேர்ந்து பிரித்தது தமிழ் மாணவர் அறிந்ததே. தீக்காயமுற்ற குழந்தைக்கு இரண்டும் ஒரே உடலில் வந்து சேர்கின்றன.

மேற்கத்தியப் பயிற்சிகளை அப்படியே கொண்டுவர இயலாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அங்கே சிக்கல் பெரும்பாலும் பார்வையும் விலகலும். இங்கே சிக்கல் கேள்வி. பேருந்தில் அருகே அமர்ந்தவர், ‘என்னம்மா ஆச்சு, எப்படி ஆச்சு, யாரும் பாத்துக்கலயா’ என்று உரக்கக் கேட்டு, ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டி, ‘கல்யாணத்துக்கு என்ன பண்ணுவாங்க’ என்று தாயிடம் முடிப்பார். பெண்குழந்தை எனில் வீட்டில் நடந்ததென்ன என்னும் ஐயமும் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கும். கேட்பவர் கொடியவர் அல்லர். கேட்காமலிருப்பதைத்தான் அவர் அக்கறையின்மையாகக் கருதுவார். ஆகவே ஒத்திகை பார்க்கவேண்டிய விடையும் வேறாக இருக்கவேண்டும். ‘சின்ன வயசுல சுடுதண்ணி கொட்டிடுச்சு அத்தே. இப்ப வலிக்கல, நல்லாப் படிக்கிறேன். நீங்க எங்க இறங்கணும்?’ என்பது போன்ற மூன்று வாக்கியங்கள்: ஒரு செய்தி, ஓர் உறுதி, ஒரு திசைமாற்றம். உறவுச்சொல் மரியாதையைக் காக்கிறது. கடைசிக் கேள்வி உரையாடலின் கடிவாளத்தைக் குழந்தையின் கையில் தருகிறது.

முன்மாதிரிக்கு வெளிநாடு செல்லவேண்டியதில்லை என்பதற்கும் ஒரு வாழ்க்கை சான்றாக இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த பிரேமா தன்ராஜ் எட்டு வயதில் அடுப்பு வெடித்து முகமும் கழுத்தும் உடலும் வெந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல அறுவைகளுக்கு உள்ளானார். பின்னர் மருத்துவம் பயின்று, தாம் நோயாளியாகக் கிடந்த அதே வேலூர் மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவராகி, அத்துறையின் தலைவராகவும் உயர்ந்தார். தீக்காயமுற்றோருக்காக 1999-இல் ‘அக்னி ரக்ஷா’ என்னும் அமைப்பை நிறுவினார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் முன் அமர்ந்த குழந்தைகள் கண்டது மருத்துவரை மட்டுமன்று. முகாமில் மூத்த வழிகாட்டி செய்யும் பணியை, அவருடைய முகமே ஓரளவு செய்திருக்கும்.

ஆனால் தனிமனித வெற்றி ஓர் ஏற்பாட்டுக்கு ஈடாகாது. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியாணாவின் டப்வாலியில் பள்ளி ஆண்டுவிழாப் பந்தல் எரிந்ததில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். இரண்டு நாள்களும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன, அது முறையே. அன்று காயங்களோடு பிழைத்த குழந்தைகளும் இருந்தனர். கும்பகோணத்துக் குழந்தைகள் இன்று இருபதுகளில், முப்பதின் அருகில் இருப்பர். விசாரணை ஆணையம், வழக்கு, இழப்பீடு, கட்டட விதி என ஆவணங்கள் பெருகின. கூரை வேய்வதற்கு விதி எழுதப்பட்டது. தழும்போடு திரும்பும் குழந்தையை வகுப்பறை எவ்வாறு எதிர்கொள்ளவேண்டும் என்பதற்கும் அதே அக்கறையோடு ஒரு நெறிமுறை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதற்குத் தேவைப்படுவன பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. தீக்காய வார்டை விட்டுக் குழந்தை வெளியேறும் நாளில், மருத்துவமனையிலிருந்து பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். திரும்புமுன் வகுப்பில் ஒரு மணிநேரப் பேச்சு. மாவட்ட மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு ஆண்டில் சில நாள்கள், கோடையின் உச்சத்தைத் தவிர்த்து, நிழலுள்ள இடத்தில் ஒரு முகாம். அதில் உடன்பிறந்தோரும் வகுப்புத்தோழர் ஒருவரும். முன்பு வார்டில் கிடந்து இன்று வேலையில் இருக்கும் இளைஞர் சிலர். தீயணைப்பு நிலையத்திலிருந்து இருவர். வகுப்புத்தோழரை அழைப்பது இங்கே முக்கியமானது. முகாம் முடிந்து பள்ளி திறக்கும் நாளில், வெறித்துப் பார்க்காத ஊரிலிருந்து ஒருவராவது குழந்தையோடு அதே வகுப்பறைக்குள் நடந்து செல்வார்.